ஏழு தப்படி நிலமும் ஒரு குருவியும்

மார்ச் 9

மகளின் பிரசவம் பார்த்துவிட்டு எங்கள் ஊர் கினாங்கோப் வந்து சேர்ந்தேன். நில எல்லைக்கு நட்டிருந்த லில்லிச் செடிகள் என் பக்கம் ஏழு தப்படி தள்ளி நிற்கின்றன. பக்கத்து நிலம் கொழுந்தன் கரூகாவுடையது. கேட்டால், “செடி தானா நடந்து வந்துச்சு அண்ணி” என்கிறான். “காலும் முளைச்சிருக்குமே, செருப்பு வாங்கிக் குடேன்” என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். நேரே ஊர்ப் பெரியவர்களிடம் போய் முறையிட்டேன்.

மார்ச் 12

பெரியவர்கள் சாட்சி கேட்டார்கள். லில்லி நட்ட என் புருஷன் மண்ணுக்குள் கிடக்கிறான். யாரைக் கூப்பிட?

மார்ச் 14

அவன் உருளைக்கிழங்கு முளைக்கவே கூடாது.

மார்ச் 20

லில்லியைப் பிடுங்கி எறிய மண்வெட்டியோடு போனேன். பறிபோன நிலத்தில், புல் கொத்துக்குள்ளிருந்து மஞ்சள் தொண்டைக் குருவி விருட்டென்று எழும்பியது. கூட்டில் மூன்று முட்டை. மண்வெட்டியைக் கீழே வைத்தேன். இரக்கமா? எனக்கா? ஒரு யோசனை வந்தது, அவ்வளவுதான்.

போன வருஷம் குருவிகளைக் காக்கும் சங்கத்திடம் இரண்டு கிடா வாங்கிக்கொண்டு கைநாட்டு வைத்தவனாயிற்றே கரூகா — அவன் நிலத்தில் கூடு இருந்தால், குஞ்சு பறக்கும்வரை சுற்றி நாற்பது தப்படிக்கு ஏர் படாது என்று.

மார்ச் 21

சங்கத்துப் பெண் ஞோகாபியைக் கூட்டி வந்தேன். “இது யார் நிலம்?” என்றாள். கூடு இருப்பது தெரியாமல் கரூகா மார்பில் தட்டினான். “என்னுதுதான்! லில்லியப் பாரு!”

“அப்ப உழக்கூடாது சித்தப்பா. வேற எந்த நாட்டுலயும் இல்லாத குருவி இது.”

அவன் முகத்தைப் பார்த்து, குடித்த டீ எனக்கு மூக்கில் ஏறிவிட்டது.

ஏப்ரல் 2

நல்ல மழை. ஊரே கிழங்கு நடுகிறது. அவன் மட்டும் கைகட்டி நிற்கிறான்.

“அண்ணி, அந்தச் சனியன நீங்களே வச்சுக்கங்க.”

“எனக்கெதுக்குப்பா? உன் வீட்டு விருந்தாளி. கஞ்சி காய்ச்சி ஊத்து.”

ஏப்ரல் 6

விடிந்ததும் பார்த்தால் லில்லி பழைய இடத்தில்! பெரியவர்கள், ஞோகாபி எல்லோர் முன்னாலும் அவனே சொன்னான்: “கூடு இருக்கிறது அண்ணி நிலம். எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.”

“இன்னொரு தடவ சொல்லு, காது அடைச்சிருக்கு” என்றேன். மூன்று தடவை சொல்ல வைத்தேன்.

ஏப்ரல் 7

நான் எங்கேயும் கைநாட்டு வைக்கவில்லை. என் நிலம், நாளைக்கே உழலாம்.

ஏப்ரல் 8

உழுதாச்சு. அந்தப் புல் கொத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போகச் சொன்னேன். ஏர்க்காரன் சிரித்தான். சிரிக்கட்டும். கூலி வாங்காமல் எனக்குச் சாட்சி சொன்ன குருவியாச்சே அது.

ஏப்ரல் 19

குஞ்சுகள் பறந்துவிட்டன. தாய் மட்டும் லில்லி மேல் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. கரூகாவின் பக்கம் கையைக் காட்டினேன்.

“அடுத்த வருஷம் அங்க கட்டுடி. அவன் வயலுக்கு நட்டநடுவுல.”