மஸ்கட்டில் இருக்கிறேனாம்

மார்ச் 9, திங்கள்

காலையிலேயே வெயில். பெருமுக்கல், அத்தை வீடு. நேற்று சென்னையிலிருந்து நேராக இங்கே கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார் அப்பா. சொந்த ஊர் மரக்காணம் பக்கமே வரக் கூடாதாம். வெள்ளிக்கிழமை வேன் நிறைய ஆள் ஏர்போர்ட் வந்து, சால்வை போட்டு, போட்டோ எடுத்து வழியனுப்பியாயிற்று. போனவள் பெட்டியோடு திரும்பி வந்தால் அவரால் உப்பளத்தில் தலைகாட்ட முடியாதாம்.

நடந்தது, புகாருக்கு உதவும்: சென்னையில் விமானத்தில் ஏற்றி உட்காரவைத்துவிட்டு மணிக்கணக்கில் கிளப்பவில்லை. ரன்வேயில் வரிசை என்றார்கள். மும்பையில் இறங்கி ஓடினேன். மஸ்கட் விமானத்தின் கதவு சாத்தியாயிற்று. ஒரே கம்பெனி, ஒரே டிக்கெட். அடுத்த இடம் செவ்வாய்க்கிழமைதான் என்றான் கவுண்டர்காரன். விசாப்படி உள்ளே நுழையக் கடைசி நாள் ஞாயிறு. சொன்னேன். எனக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டான். அங்கே அழவில்லை. டாய்லெட்டில் கொஞ்சம். அப்புறம் சென்னைக்கே திரும்பினேன்.

மார்ச் 10, செவ்வாய்

ஏஜெண்டிடம் பேசினேன். நர்ஸ் வேலையை மாதக் கடைசிவரை எனக்காக வைத்திருப்பார்களாம். ஆனால் புது விசா போட ஒரு கடிதம் வேண்டும். தாமதம் எங்களுடையது, பயணியின் தப்பு இல்லை என்று விமானக் கம்பெனியே எழுதித் தர வேண்டும். இல்லையென்றால் வேறு ஆள். டிக்கெட் பணம் அப்புறம்.

மெயில் அனுப்பியாயிற்று. கூடவே டிக்கெட், போர்டிங் பாஸ், விசா நகல், மும்பையில் எடுத்த, விமான நேரம் காட்டும் போர்டின் போட்டோ.

அம்மா போனில். பக்கத்து வீட்டு அக்கா என்னை விசாரித்தாளாம். அங்கே ஒரே குளிர், சுவெட்டர் போட்டுக்கொண்டுதான் டூட்டிக்குப் போகிறாள் என்று அம்மா சொல்லிவிட்டாளாம். மஸ்கட்டில் சுவெட்டர். அம்மாவுக்கு எல்லா வெளிநாடும் ஊட்டி.

வாங்க: தலைவலி மாத்திரை, சோப்பு, நாப்கின். நான் கடைக்குப் போகக் கூடாது. மரக்காணத்து ஆட்கள் மலைக்கோயிலுக்கு வருவார்களாம், பார்த்துவிடுவார்களாம். அத்தையே போனாள். சோப்பு மாற்றி வாங்கி வந்தாள்.

மார்ச் 12, வியாழன்

மேகம். மழை பெய்தால் பாத்தியில் இருக்கிற உப்பெல்லாம் கரைந்துபோகும், அப்பா வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பெய்யவில்லை.

கம்பெனியிலிருந்து பதில் இல்லை. போன் போட்டால் பாட்டு. பாட்டு முடிந்தால் மறுபடி அதே பாட்டு. சிநேகிதிகளெல்லாம் மஸ்கட் போட்டோ கேட்டு மெசேஜ். யாருக்கும் பதில் போடவில்லை. ஜெயிலில் இருப்பவர்களுக்காவது மனு பார்க்க ஆள் வரும்.

மார்ச் 14, சனி

பதில் வந்துவிட்டது. புகார் முடிக்கப்பட்டதாம். பயணி நல்லபடி போய்ச் சேர்ந்து வேலையும் பார்ப்பதாகக் குடும்பத்தார் போனில் சொல்லிவிட்டார்களாம். திரும்பத் திரும்பப் படித்தேன். டிக்கெட் போடும்போது ஏஜெண்ட் கொடுத்தது அப்பா நம்பர்.

அப்பாவைக் கூப்பிட்டேன். ஆமாம், தமிழில் ஒரு பெண் பேசியது, உங்கள் பொண்ணு ஊர் போய்ச் சேர்ந்தாரா என்று கேட்டது என்றார். உப்பு வாரிக்கொண்டிருந்த நேரம், சுற்றிலும் ஆட்கள்.

"நாலு பேரு இருக்கசொல்ல வேற இன்னா சொல்றது? போய் சேந்துட்டா, வேலைக்கும் போறான்னு சொன்னேன்."

கத்திவிட்டேன். போனை வைத்துவிட்டார். சாப்பிடவில்லை. என் வேலையைவிட அந்த நாலு பேர் பெரிதாகப் போய்விட்டார்கள் அவருக்கு. அவ்வளவு கோபம்.

மார்ச் 16, திங்கள்

கம்பெனியில் ஒருவழியாக ஆள் கிடைத்தது. முதலில் சொன்னவரே மாற்றிச் சொன்னால்தான் புகாரை மறுபடி எடுப்பார்களாம். நாளைக் காலை அப்பாவைக் கூப்பிடுவார்கள். அவரிடம் சொன்னேன். தனியாக எங்காவது போய் நின்று பேசு, யாருக்கும் கேட்க வேண்டாம் என்றும் சொன்னேன்.

அத்தை: "அவன் வாயத் தொறக்க மாட்டான். எதுக்கும் நீ வேற வழி பாத்துக்கோ."

பாண்டியில் பழைய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். என் இடத்துக்கு ஆள் எடுத்துவிட்டார்கள்.

மார்ச் 17, செவ்வாய்

நல்ல வெயில். விடிந்ததும் வாசலில் அப்பா, பைக்கில். ஏறு என்றார். முகத்தை மூடத் துப்பட்டாவை இழுத்தேன். வேண்டாம் என்றார்.

மரக்காணம் ரோடு. நேராக உப்பளம். எல்லாரும் வேலையில் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் உப்பு வாருவது நின்றது. பக்கத்துப் பாத்திக்காரர் மட்டும், "ஏம்பா, இது உம் பொண்ணுதான?" என்றார். அப்பா போனைக் கையில் பிடித்தபடி வரப்பில் நின்றார். நான் பக்கத்தில். வெயில் ஏறிக் கால் சுட்டது. யாரும் வேலைக்குத் திரும்பவில்லை.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். பேசியது ஒரு பெண். உங்கள் மகள் மஸ்கட் போய்ச் சேர்ந்தாரா, இல்லையா சார் என்றாள்.

அப்பா அந்தக் கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "போகலம்மா. உங்க ஏரோபிளேன் லேட்டு, அதனால போகல. அன்னிக்கு நான் சொன்னது பொய்யி. எம் பொண்ணு இதோ எம் பக்கத்துலதான் நிக்குது. எழுதிக்கோங்க."