இருபத்தஞ்சாவது சுற்று

திருப்புறம்
4-11-2024

அன்புள்ள ஜோஸ்னா,

எட்டி, உனக்க அப்பா செய்த வேலை தெரியுமா? பாறசாலை ஜங்ஷன்ல உனக்குப் பிளெக்ஸ் வச்சிருக்காரு. ஆள் உயரம். "10,000 மீட்டர், 36 நிமிஷம் 48 செக்கண்டு, எங்கள் ஜோஸ்னா" எண்ணு மலையாளத்துல பாதி, தமிழ்ல பாதி. சர்ச்சு வாலிபர் சங்கம் ஒரு வாழ்த்து, ஆட்டோ ஸ்டாண்டுக்காரங்க ஒரு வாழ்த்து. எல்லாம் செரிதான், படத்துல நீ கண்ண மூடிட்டு நிக்க. வேற படமே கிடைக்கலியா மனுஷனுக்கு?

சிரிப்பு போகட்டு. 38:40-க்குக் கீழ இறங்காத ஆளாக்கும் நீ. போன மாசத்து மீட்டுல ஒரே ஓட்டத்துல ரெண்டு நிமிஷம் குறச்சு, மூணாவதா வந்து, யூனிவர்சிட்டி டீமும் ஆயி, இப்போ மலை மேல கேம்ப்பில இருக்க. எனக்கு சந்தோஷம். பொறாமையும் உண்டு, பொய் சொல்லுவானேன். முழங்காலுக்குக் கீழ இந்த எலும்புக் கீறல் மட்டும் இல்லண்ணா நானும் உனக்க பக்கத்துல ஓடியிருப்பேன். டாக்டர் இன்னும் ஆறு வாரம் ஓடப்பிடாதுண்ணு சொல்லியாச்சு. ஜனவரில நடக்கிற மீட்டுக்கு எப்படியும் இறங்கணும்.

கேம்ப்பில போனை எல்லாம் வாங்கி வச்சிட்டாவ, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு மட்டும் பத்து நிமிஷம் எண்ணு உனக்க அம்மா சொன்னாவ. அப்போ நமக்குக் கடிதம்தான் கதி. அஞ்சாம் கிளாசுல தமிழ்ப் பரீட்சைக்கு எழுதினதுக்குப் பிறவு இப்பதான் எழுதுதேன். தப்பு கண்டா கண்டுக்காத.

ஒரு காரியம். சுற்று முடியும்போ முடியும்போ வாட்சுல பட்டன் அமுக்குவல்லா, அந்த டைம் எல்லாம் எழுதி அனுப்பு. இருபத்தஞ்சும் வேணும், எனக்க நோட்டுல ஏத்தி வைக்க. மறந்திராத.

உனக்க
அமிர்தா


கேம்ப்
9-11-2024

பிரியமுள்ள அமிர்தா,

உனக்க கடிதத்த வார்டன் பிரிச்சு, தலைகீழாப் பிடிச்சுப் பாத்து, "இது எந்து பாஷையா?" எண்ணு கேட்டுத் தந்தாவ. இஞ்ச ஒருத்தருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. அதனால நமக்கு இஷ்டம்போல எழுதலாம்.

குளிரு எலும்புக்குள்ள ஏறுது. காலத்த அஞ்சு மணிக்கு எழும்பணும். ஓட்ஸ்ணு ஒண்ணு தாறாவ, சுவரொட்டுற பசை தோத்துப் போவும். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் நினைச்சா அழுகை வருது.

கோச்சு சோமன் சார் முதல் நாளே "அந்த 36:48 எங்க, முன்னால வரட்டு" எண்ணு கூப்பிட்டாரு. எனக்க பேரு கூட இல்ல, அந்த டைம்தான் பேரு. வேகமா ஓடுற நாலு பேரோட என்ன விட்டிருக்காரு. நாலஞ்சு சுற்றுல நான் பின்னால போயிடுதேன். தினமும் இதே கதை. "சுகமில்லியா மோளே?" எண்ணு கேக்காரு. ஆமாண்ணு தலையாட்டுதேன். இருபத்தேழாம் தேதி பத்தாயிரம் மீட்டர் டிரயல் உண்டு.

வாட்சையும் போனோட வாங்கி வச்சிட்டாவ. பழைய டைம் எல்லாம் அழிஞ்சிருக்கும். அத விடு.

அப்பாட்ட சொல்லி அந்தப் பிளெக்ஸ எடுக்கச் சொல்லேன். நாணக்கேடா இருக்கு.

ஜோஸ்னா


திருப்புறம்
16-11-2024

ஜோஸ்னா,

மூணு நாளா எழுதி எழுதிக் கிழிச்சுப் போடுதேன். இத இன்னைக்கு எப்படியும் தபால்ல போட்டிருவேன்.

செவ்வாய்க்கிழமை நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டுல ரெஜிலாவப் பாத்தேன். ஓர்மை உண்டா, கோட்டுகால்காரி, உனக்குப் பின்னால நாலாவது வந்தவ, 37:20. அவளே ஓடி வந்து கையப் பிடிச்சா. கோவம் ஒண்ணும் இல்ல அவளுக்கு. "சேச்சி, ஒண்ணு கேக்கட்டா? ஜோஸ்னா சேச்சி என்ன எப்பத் தாண்டினாவ? மூணாவது சுற்றுல நான் அவியளத் தாண்டினேன். அதுக்குப் பிறவு எனக்க முன்னால அவியளுக்க முதுக நான் காணவே இல்ல. நான் எங்கயோ தப்பா ஓடிட்டேனா?" எண்ணு கேட்டா. அவளுக்க தப்புண்ணுதான் நினைச்சிட்டிருக்கா, பாவம். கூட்டத்துல கவனிச்சிருக்க மாட்டண்ணு என்னமோ உளறிட்டு, வேற ஊரு போற பஸ்சுல ஏறி உக்காந்துட்டேன்.

நான் எண்ணினது தப்பு ஜோஸ்னா.

ஒரு காலேஜ் பிள்ளைக்கு அதே காலேஜ்காரங்க சுற்று எண்ணப்பிடாதுண்ணு சட்டம் உண்டு. காலு இப்படி ஆனதால அண்ணைக்கு எனக்குச் சுற்று எண்ணுற வேலை, காலத்த நீ வந்து கெஞ்சின. மூணு வருஷமா பிராக்டீசுல நானாக்கும் "இன்னும் பத்து, இன்னும் ஒம்பது" எண்ணு உனக்கு விளிச்சுச் சொல்லுறது. "நீ எண்ணினா எனக்குப் பேடி இல்ல, பயமே இல்ல" எண்ணு சொன்ன. உனக்கு எண்ண வேண்டிய வேற காலேஜ்காரிட்ட நான் எனக்க தாளக் குடுத்து, உனக்க தாள மாத்தி வாங்கினேன். பதினஞ்சாவது சுற்றுல நீ விலாவப் பிடிச்சிட்டு ஓடினல்லா, அப்போ நான் கசேரில இருந்து எழும்பி நிண்ணு, தொண்ட கிழியக் கத்தினேன். திரும்ப உக்காந்தப்போ கோடு போட்டேனா இல்லியாண்ணு தெரியல. என்னால நீ ஒரு சுற்று கூடுதலா ஓடிரப்பிடாதேண்ணு பதறி, வெப்ராளத்துல ஒரு கோடு சேத்துப் போட்டேன். அது சேக்க வேண்டிய கோடு இல்ல. நீ ஓடினது இருபத்திநாலு.

வாட்சு உனக்க கையிலதான் உண்டு. போன ஞாயிறு வீடியோ கால்ல உனக்க கையில கிடந்துதுண்ணு உனக்க அம்மா சொன்னாவ. எனக்கிட்ட பொய் சொல்லாத மக்கா. எத்தன காட்டுது அதுல?

அமிர்தா


கேம்ப்
20-11-2024

அமிர்தா,

இருபத்திநாலு. போதுமா?

ஓடின அண்ணைக்கு ராத்திரி ஹாஸ்டல்ல வச்சுப் பாத்தேன். திரும்பத் திரும்ப எண்ணிப் பாத்தேன். அதுக்குள்ள அப்பா ஊரு முழுக்க விளிச்சுச் சொல்லியாச்சு. சர்ச்சுல ஸ்தோத்திரம் பண்ணியாச்சு. நான் என்ன செய்ய? அந்தக் கடைசிச் சுற்றுல "கடைசி, ஜோஸ்னா, கடைசி!" எண்ணு நீயாக்கும் கத்தினது. எனக்குக் கணக்கு இடறிச்சு, ஆனா உனக்க குரல் கேட்டா எனக்கு வேற கணக்கு உண்டா? தப்பு செய்தது நீ. இப்போ அத நோண்டுறதும் நீ.

ஒண்ணு யோசிச்சியா? தாள மாத்தினது வெளிய வந்தா, கூட்டுகாரிக்கு வேணும்ணே ஒரு சுற்று குறச்சுப் போட்டாண்ணுதான் பேசுவாவ. யாரும் உனக்க வெப்ராளத்தக் கேக்க மாட்டாவ. ரெண்டு பேருக்கும் ஒரு வருஷம் தடை. உனக்க ஜனவரி போச்சு. எனக்கு டீம் போச்சு, டீம் வச்சுக் கிடைக்கிற போலீஸ் வேலையும் போச்சு. அப்பா எத்தன காலம் அந்த முதுகு வேதனையோட ஆட்டோ ஓட்டுவாரு?

எனக்கு இருபத்தேழு வரைக்கும் நேரம் தா. டிரயல்ல உண்மையாவே 36:48 ஓடிட்டேண்ணா அது எனக்க டைம்தானே? அதுக்குப் பிறவு யாருக்கு என்ன நஷ்டம்?

காலுப் பிடிச்சுக் கேக்குதேன். ஒருத்தர்ட்டயும் சொல்லாத.

ஜோஸ்னா


திருப்புறம்
23-11-2024

ஜோஸ்னா,

நீ திட்டினது எல்லாம் எனக்கு வேண்டியதுதான். தப்பு எனக்கது. எனக்க அம்மா விஜயம்மாட்ட சொன்னேன். அவளுக்க குணம் உனக்குத் தெரியும்லா, அடுக்களையில பாத்திரத்த டமார் டமார்ணு வச்சா.

யாருக்கு நஷ்டம்ணு கேட்டல்லா. ரெஜிலா இப்போ ஓட வாறதில்ல. அவளுக்க தங்கச்சி சொன்னா. சுற்று எண்ணக்கூட எனக்குத் தெரியலியேண்ணு சொல்லிட்டு ஷூவ எடுத்து உள்ள வச்சிட்டாளாம். நீ 36:48 ஓடினா, ஓடு, நான் சாமிட்ட வேண்டிக்குவேன். ஆனா அவ அந்த கேம்ப்பில நிக்க வேண்டிய இடத்துல நீயாக்கும் நிக்க. அது டைம் ஓடினா மாறாது.

நான் நடந்தது மொத்தமும் ஒரு பேப்பர்ல எழுதி, கையெழுத்துப் போட்டு, மேஜை டிராயர்ல வச்சிருக்கேன். டிசம்பர் ஒண்ணாம் தேதி யூனிவர்சிட்டிக்கு அனுப்புவேன். அதுக்கு முன்னால நீயே சொல்லிட்டா நல்லது. உனக்காகத்தான் சொல்லுதேன்.

எனக்கு உறக்கமே இல்லடி. உன்ன இழக்கப் போறேண்ணு தெரிஞ்சுதான் எழுதுதேன்.

அமிர்தா


கேம்ப்
30-11-2024

அமிர்தா,

அந்தப் பேப்பர அனுப்பாத. இந்தக் கடிதத்த முழுசா வாசிச்சிட்டு, பிறவு அந்தப் பேப்பரக் கிழிச்சுப் போடு. கடிதம் வாறதுக்கு முன்னால நீ அவசரப்பட்டிராம இருக்க, நாளைக்கு ஞாயிறு போன்ல அம்மாட்ட சொல்லி உனக்கு விவரம் சொல்லச் சொல்லுதேன்.

இருபத்தேழாம் தேதி ஓடினேன். யாரையும் எண்ணச் சொல்லல, நானே எண்ணினேன். இருபத்தஞ்சு சுற்று, 37:34. எட்டி, 38:40 ஓடினவளாக்கும் நான்! முடிச்ச உடனே புல்லுல மலந்து கிடந்து சிரிச்சேன். நெஞ்சு வெடிக்கிற மாதிரி சந்தோஷம். எழும்பிப் பாத்தா சோமன் சார் ஸ்டாப்வாட்சைப் பாத்து உதட்டப் பிதுக்குதாரு. "நாப்பத்தாறு செக்கண்டு பின்னால போயிட்ட, என்ன ஆச்சு நினக்கு?" எண்ணு கேட்டாரு. கூட ஓடின பிள்ளைகள் வந்து முதுகத் தடவி, "சாரமில்ல, அடுத்த தடவை செரியாவும்" எண்ணு சொன்னாவ. எனக்க ஆயுசுலயே நல்லா ஓடின ஓட்டத்துக்கு எனக்கு ஆறுதல், கேட்டியா! ஒருத்தர் கை தட்டல. உண்மையச் சொல்லிச் சந்தோஷப்பட உலகத்துல நீ ஒருத்திதான் உண்டு, உங்கிட்டயும் நான் சண்டை போட்டாச்சு. அந்தப் பொய் டைம் இருக்கிறது வரைக்கும் நான் என்ன ஓடினாலும் அது குறச்சல்தான். 37:20 ஓடிட்டு நாலாவதா நிண்ணப்போ ரெஜிலாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் எண்ணு அப்பதான் எனக்கு உறைச்சுது.

அண்ணைக்குச் சாயங்காலமே சார்ட்ட சொன்னேன். "லிஸ்ட் போயாச்சு, வாய மூடிட்டு ஓடு" எண்ணு சத்தம் போட்டாரு. நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். வாங்க மாட்டேண்ணு சொன்னாரு. மேஜையில வச்சிட்டு வந்தேன். பிறவு எடுத்து மேல அனுப்பிட்டாரு, மோசமான ஆளு இல்ல.

அதுல எழுதினத உங்கிட்டயும் சொல்லணும். ஹாஸ்டல்ல வச்சுத்தான் வாட்சைப் பாத்தேண்ணு எழுதினேன்லா, அது பொய். கோட்டைத் தாண்டும்போ பட்டன அமுக்கினேன், அப்பவே 24-ண்ணு கண்டேன். காலு நிக்கல, இன்னும் ஓடிட்டுதான் இருந்துது. இன்னும் ஒரு சுற்று ஓடத் தெம்பும் உண்டு. தொண்ணூறு செக்கண்டு, அவ்வளவுதான். நீ அங்க எழும்பி நிண்ணு கை தட்டிட்டு இருக்க, டைம் போர்டுல 36:48 விழுந்து கிடக்கு. நான் நிண்ணுட்டேன். நீ தப்பா எண்ணின, உனக்குத் தெரியாது. நான் தெரிஞ்சே நிண்ணேன். இந்த ஒரு மாசமும் உன்ன அந்தப் பாவத்தச் சுமக்க விட்டேன், போன கடிதத்துல ஏசவும் செய்தேன். உனக்க கூட்டுகாரி இப்படியாக்கும்.

தாள மாத்தச் சொல்லிக் கெஞ்சினது நான்தாண்ணும் எழுதிட்டேன். எனக்கு ஒரு வருஷம் தடை. உனக்கு எச்சரிக்கை மட்டும், எழுத்துல வரும். ஜனவரில நீ ஓடலாம். ரெஜிலாவ விளிச்சிட்டாவ, திங்கக்கிழமை வருவா. அவ வாறதுக்கு முன்னால போயிரணும்ணு முதல்ல நினைச்சேன். பிறவு, இருந்து முகத்தப் பாத்து, "நீ எண்ணினது செரிதான்" எண்ணு சொல்லிட்டுத்தான் வரணும்ணு முடிவு செய்தேன். வார்டனுக்க போனை வாங்கி அப்பாட்ட சொல்லியாச்சு. எல்லாம் கேட்டுட்டு "சாப்பிட்டியா மோளே?" எண்ணு கேட்டாரு. அதுல நான் உடைஞ்சு போயிட்டேன்.

ஏழாம் தேதி, சனிக்கிழமை, சாயங்கால வண்டிக்கு பாறசாலையில இறங்குவேன். நீ வரல்லண்ணா எனக்கு மனசிலாவும், கோவிக்க எனக்கு யோக்கியதை இல்ல. வந்தியண்ணா, ஏச வேண்டியது எல்லாம் வழியில ஏசித் தீத்துரு. அப்பாக்க முன்னால மட்டும் வேண்டாம்.

ஜோஸ்னா