நோர்வேக்காரருக்கு நோவே இல்லை

2006 செப்டெம்பர் 9, சனி இரவு

மொன்ட்ரியால் வாழ் தமிழ்ப் பெருமக்களுக்கு ஓர் அறிவித்தல்: நோர்வேக்காரருக்கு இனி நோவே இல்லை.

காலையில் பார்க்கில் என் சிநேகிதன் யூட்டிடம் இப்படித்தான் முழங்கினேன். என் புளுகை இந்த ஊரில் ஒருவரும் பிடித்ததில்லை என்ற திமிர். யூட்டின் அறைச் சுவர் முழுவதும் அந்த நோர்வே உதைபந்தாட்ட டிஃபெண்டரின் படங்கள்தான். அவருக்கும் இவனுக்கும் ஒரே பக்க முழங்காலில் ஒரே ஒப்பரேஷன். இவனை இன்னும் ஓடக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

"உண்மையாவோ?"

"ஓமடா. ஒஸ்லோவில இருக்கிற சித்தி மகன் சொன்னவன். திரும்ப விளையாடப் போறாராம்."

யூட் முழங்கால் பட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு விளையாட இறங்கினான். இரண்டாவது பந்துக்கே விழுந்தான்.

"ஆரடா உன்னை இறங்கச் சொன்னது?" என்று கோச் கத்தினார்.

"ஒருத்தரும் இல்லை அண்ணை. நானாத்தான்."

நான் குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த சப்பாத்து நூலைத் திரும்பக் கட்டினேன்.

பின்னேரம் அவன் வீட்டுக்குப் போனேன். தெருமுனைத் தெப்பனர் கடையில் வாங்கிய ஐஸ் பையை வீங்கிய காலில் வைத்திருந்தான்.

"மச்சான், அவரின்ர மட்ச் எப்ப?"

"கேட்டுச் சொல்லுறன்."

கேட்க ஒன்றும் இல்லை. அந்த முழங்காலால் அவர் விளையாட்டையே விட்டுவிட்டார் என்று சித்தி மகன் போன கிழமையே சொல்லிவிட்டான். அதை யூட்டின் முகத்தைப் பார்த்துச் சொல்லப் பயந்துதான் தலைகீழாகச் சொன்னேன். பின்னேரமும் அதைச் சொல்லப் பயந்துதான் வீடு திரும்பினேன்.