அடியில் அடித்த கறுப்பு

2009 தை 18, ஞாயிறு

நோர்வேயிலிருந்து மகன் கோல் எடுத்தான். பழைய டீசல் கார் ஒன்று பார்த்திருக்கிறானாம். விடியப் போய் பொனட்டைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். சூடாக இருந்தால் விற்பவன் முன்பே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறான். அது குளிருக்குக் கிளம்பாது.

"இங்க பனிக்கு றோட்டில உப்புப் போடுவாங்க அப்பா. அடி இரும்பெல்லாம் கறள் பிடிக்கும்."

"அடியில புதுசாக் கறுப்புப் பெயின்ற் அடிச்சிருந்தா வாங்காத மகன்."

"எப்பிடித் தெரியும்?"

"கராஜில பழகினதுதான்."

சுனாமியில் மூழ்கிய வான் வண்டி ஒன்றுக்கு, கறளை மறைக்க, நான்தான் அப்படி அடித்து மாங்கேணிக்காரன் ஒருவனுக்கு விற்றேன். பிறேக் குழாய் கறள் தின்று வெடித்து, வானோடு வாவிக்குள் போய்ச் செத்தான். சண்டை நேரம். யாரும் வானைத் தூக்கிப் பார்க்கவில்லை.

செத்தவீட்டில் அவன் மனைவி என்னைக் கண்டு அழுதாள்.

"உங்கட வானில ஒரு பிழையுமில்ல அண்ணன். அவர்தான் வேகமா ஓடிற்றார்."

ஓம் என்றேன்.