தோளில் இருந்த கை

இன்ஸ்புரூக், ஆஸ்திரியா
9 ஆகஸ்ட் 2025

பாசமுள்ள அப்பாவுக்கு,

சத்தியா எழுதுகிறேன். போனில் பேசினால் இருவரும் கத்துவோம், அதனால்தான் இந்த மெயில். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா?

கோவிலூருக்குப் பிரியும் விலக்கில் நீங்கள் வைத்த பிளெக்ஸை என் தோழி ரோகிணி படம் எடுத்து அனுப்பினாள். "ஆல்ப்ஸ் மலைக் கண்மாய்க்குச் சைக்கிளிலேயே ஏறிய எங்கள் சிங்கமே!" அந்த ஏரியையும் நம்ம ஊர்க் கண்மாய் ஆக்கிவிட்டீர்களே என்று சிரித்தேன். அப்புறம்தான் என் தோளைப் பார்த்தேன். ஒரு கை மட்டும் இருக்கிறது. கைக்கு உரியவரைக் காணோம். நான் அனுப்பியது இருவரும் நிற்கிற படம் அல்லவா?

அப்பா, அந்தப் பாதை பைன் காட்டுக்குள் வேரும் கல்லுமாக ஏறும். பாதி வழியில் என் சைக்கிள் செயின் அறுந்துவிட்டது. குருநாதன் தன் சைக்கிளை எனக்குக் கொடுத்துவிட்டு, என்னுடையதைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏரி வரைக்கும் நடந்தே வந்தார். பிளெக்ஸில் நான் பிடித்திருப்பது அவர் சைக்கிள். அவரைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று போன மாதமே சொன்னேன். நம் வயலில் கதிர் அறுத்த வீரணன் மகன் என்றதும் போனை வைத்துவிட்டீர்கள்.

படத்தைப் பிளெக்ஸ் போட்டிருப்பதாக நீங்கள் சொன்னதும், மனம் மாறிவிட்டீர்கள் என்று நம்பினேன். குருநாதனும் நம்பித் தன் அப்பாவிடம் சொல்லிவிட்டார். அவர் அப்பா பார்க்க வருவதற்குள் கழற்றிவிடுங்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உங்கள் மகள்,
சத்தியப்பிரியா


காரைக்குடி
12 ஆகஸ்ட்

அன்பு மகள் சத்தியாவுக்கு அப்பா எழுதுவது.

மாத்திரை போடுகிறேன். நீ வேளைக்குச் சாப்பிடு.

உன் மெயில் வருவதற்கு முன்பே வீரணன் வந்துவிட்டான். காளையார்கோவிலிலிருந்து பஸ் பிடித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். நான் பிளெக்ஸுக்கு எதிர்த்த டீக்கடையில் உன்னைப் பற்றிப் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன்.

"என்ன வீரணா, இங்குட்டு?" என்றேன்.

"அய்யா, எம் மகன் படமும் இதுல இருக்குன்னான். கண்ணு சரியாத் தெரியல. எங்குட்டு இருக்குன்னு காட்டுறீகளா?"

டீக்கடையே என்னைப் பார்த்தது. பிளெக்ஸ் கடைக்காரனிடம் ஆளை எடுக்கச் சொன்னவன் நான்தான். கையையும் எடுத்தால் பொண்ணு தோளும் போய்விடும் என்றான். கிடக்கட்டும், யார் பார்க்கப் போகிறார்கள் என்று சொல்லிவிட்டேன். வீரணன் பார்த்தான். கிட்டத்தில் போய் நின்று பார்த்துவிட்டு, "இது அவன் கைதான்யா. இம்புட்டாவது வச்சீகளே" என்று கும்பிட்டான்.

வைதிருந்தால் தாங்கியிருப்பேன். கும்பிட்டுவிட்டுப் போனான். அன்றே கழற்றிவிட்டேன். அந்த டீக்கடைப் பக்கம் இப்போது போவதில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அப்பா,
மருது


இன்ஸ்புரூக்
14 ஆகஸ்ட்

அப்பாவுக்கு,

உங்கள் மெயிலை இருவரும் சேர்ந்துதான் படித்தோம். நீங்கள் குன்றிப் போயிருப்பது புரிகிறது. ஆனாலும் வந்தான், பார்த்தான், கும்பிட்டான், போனான் என்றே எழுதியிருக்கிறீர்கள். அவர் உங்களைவிட வயதில் மூத்தவர். குருநாதன் எழுந்து போய்ச் சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உங்களை மட்டும் குறை சொல்லவில்லை. பள்ளிக்கூடம் போகிற வயதில் நானும் "ஏ வீரணா, கேட்டைத் திற" என்று கத்தியவள்தான். நீங்கள் பக்கத்தில் நின்று சிரித்தீர்கள்.

தீபாவளிக்கு இருவரும் வருகிறோம். நம் வீட்டு வாசற்படி ஏற அவரை விடுவீர்களா, மாட்டீர்களா? நேராகச் சொல்லிவிடுங்கள். மாட்டேன் என்றால் நான் காளையார்கோவிலோடு திரும்பிவிடுவேன்.

சத்தியா


காரைக்குடி
17 ஆகஸ்ட்

என் கண்ணு சத்தியாவுக்கு,

உன் கேள்விக்கு முதலில் பதில். விடுவேன். நானே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து இருவரையும் கூட்டிப் போவேன். இதற்காக அப்பாவை நல்லவன் என்று நினைத்துவிடாதே. நேற்று நடந்ததைக் கேள்.

காளையார்கோவிலுக்குப் போனேன். வண்டி ஓட்டிக்கொண்டே வழி நெடுக "வாங்க, இருக்கீகளா" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். இந்த வயதில் எனக்குப் பேசப் பழக வேண்டியிருக்கிறது. குருநாதனின் அம்மா அம்மாக்கண்ணு நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு உள்ளே ஒதுங்கினார். வீரணன் வெளியே வந்தார். என்னைக் கண்டதும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

நான் உட்காரவில்லை. "நல்லா இருக்கீகளா?" என்று கேட்டேன்.

நான் யாரைக் கேட்கிறேன் என்று அவர் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது, சத்தியா.

அப்பா