பதறாத நெஞ்சு

செவ்வாய், இரவு.

இன்றைக்கு வகுப்பில் பழைய சீனத்துச் சிந்தனையாளர் இரண்டு பேரைப் படிப்பித்தேன். கிணற்றில் விழப்போகும் பிள்ளையைக் கண்டால் யாருக்கும் நெஞ்சு பதறும், ஆகவே மனிதன் பிறவியிலேயே நல்லவன், அந்தப் பதற்றம் உள்ள அரசன்தான் நன்றாக ஆள்வான் என்றார் ஒருவர். நல்ல குணம் பிறவியில் வராது, பழக்கினால்தான் வரும் என்றார் மற்றவர்.

திரும்பி வரும்போது டண்டினொங் ரயில் ஸ்டேஷனில் ஒரு சின்னப் பெட்டை தாயின் கையை உதறிப்போட்டு பிளாட்ஃபோம் விளிம்புக்கு ஓடினாள். ரயில் வந்துகொண்டிருந்தது. எட்டிச் சட்டையில் பிடித்து இழுத்தேன். தாய் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். எனக்கு ஒன்றும் வரவில்லை. நெஞ்சு படபடக்கக்கூட இல்லை.

வீட்டுக்கு வந்து என்ரை மனுசனிடம் சொன்னேன்.

"எனக்குப் பதறேல்லையப்பா. நான் என்ன மனுசி?"

"பிள்ளையைப் பிடிச்சனீர்தானே?"

"ஓம். கை தானாப் போனது."

"ஷெல் விழேக்க தம்பியை பங்கருக்குள்ள இழுத்த கைதானே. பழகியிருக்கும்."

ஊரில் சண்டை நடந்தபோது எனக்குப் பத்து வயது. தினமும் தம்பியைப் பதுங்குகுழிக்குள் இழுத்தேன். எங்களை ஆண்டவர்களுக்கு நெஞ்சு பதறியிருக்குமா என்று இன்றைக்குத்தான் யோசிக்கிறேன். கோபமும் வரவில்லை.

பழகிய கை என்பது சரிதான். ஆனால் முதல் ஷெல் விழுந்த நாள் எனக்கு யாரும் பழக்கியிருக்கவில்லை. அன்றைக்கு எனக்கு நெஞ்சு பதறியதா, நான் குழறி அழுதேனா? எனக்கு நினைவில்லை. தம்பிக்கு நினைவிருக்கலாம். நாளைக்குப் போன் எடுத்துக் கேட்கவேணும்.