மூன்றாம் கல்லருகே உடைந்த கரை

மழையை அளவோடு தரும் இறைவன் துணை. குன்றக்கோட்டைத் தலைவரும் நகர்க் காவலின் முதல்வருமாகிய பெருந்தகை மாறவேள் அவர்களுக்கு, அரசர் ஆணையால் ஆற்றுப்பணி பார்க்கும் அமைச்சன் அறவாழி, நுரையாற்றங்கரைப் பாசறையிலிருந்து வணக்கத்துடன் விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டை நலம் பெறுக. நம் குடிகளின் அடுப்புகள் நனையாதிருக்க.

வெள்ளத்திலிருந்து நகரைக் காக்கப் பழைய கரையை நான்கு முழம் உயர்த்துமாறு அரசர் பணித்ததும், அவ்வேலையை ஒன்பது தெருவாருக்கும் நான் பங்கிட்டதும் தாங்கள் அறிந்தவை. ஒரு பங்கு முடிந்து அடுத்தது தொடங்கும் இடந்தோறும், தெருவாரிடையே சண்டை வராதிருக்க, என் பெயர் பொறித்த எல்லைக்கல் ஒன்றைக் கரையின் நடுவிலேயே நாட்டினேன். எல்லைக்கல்லை அசைப்பவர் நாடு கடத்தப்படுவர் என்பது நம் பழைய சட்டம்.

ஐப்பசி ஏழாம் நாள் வந்த முதல் வெள்ளத்தில், குயவர் பங்கும் நெசவாளர் பங்கும் கூடும் மூன்றாம் கல்லருகே கரை உடைந்தது. குயவர் தெருவில் பதினொரு வீடுகள் சரிந்தன. இறைவன் அருளால் உயிர்ச்சேதம் இல்லை. குயவர் தலைவர் பொறையனும் நெசவாளர் தலைவர் ஆதனும் வேலையில் ஏய்த்தனர் எனக் கருதித் தாங்கள் சிறையிலிட்டதையும், நாளை மறுநாள் பௌர்ணமியன்று இருவரையும் குடும்பத்தோடு நகரைவிட்டு நீக்க இருப்பதையும் அறிந்தேன். தங்கள் சினம் நகரின்மேல் தாங்கள் கொண்ட அன்பிலிருந்து வந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அது சேரவேண்டிய இடம் வேறு.

வெள்ளம் வடிந்தபின், ஐப்பசி ஒன்பதாம் நாள், உடைப்பில் இறங்கி நானே கிளறிப் பார்த்தேன். இரு தெருவாரும் இட்ட களிமண் கடப்பாரை இறங்காத கெட்டி. கல்லின் இருபுறமும் மட்டும் சாண் அகலத்துக்கு இடித்துக் கெட்டிப்படுத்தாத பொலபொலத்த மண் இருந்தது. கல்லைத் தடவிக்கொண்டு நீர் அவ்வழியே புகுந்திருக்கிறது. காரணம் கேட்டபோது இரு தெருவாரும் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டனர். அந்நேரம் ஆதனின் தமக்கை நாகி, நூல் பாவுக்குப் பூசக் காய்ச்சிய கஞ்சிப் பானையைத் தூக்கிவந்து, வீடிழந்த குயவர் பிள்ளைகளுக்கு ஊற்றத் தொடங்கினாள். தறிக்கு வேண்டாமா என்று கேட்டேன். “தறி பசிச்சு அழாதுங்க” என்றாள்.

அதன்பின் கூச்சல் அடங்கிற்று. பொறையனின் மனைவி கொற்றி என் முன் வந்து சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன்: “கல்லு அசைஞ்சா ஊரை விட்டே துரத்துவீங்கன்னு ஆளுக்கு ஒரு சாண் தள்ளித்தான் இடிச்சோம். கல்லைத் தொட்டுக்கிட்டே தண்ணி வந்துச்சே, அதைப் புடிச்சீங்களா சாமி?”

மற்ற ஏழு கற்களையும் பார்த்தேன். எங்கும் அதே சாண் இடைவெளி. பிழை என்னுடையது, சண்டையை நினைத்தவன் வெள்ளத்தை நினைக்கவில்லை. இதை அரசருக்கு எழுதி, கற்களை அகற்ற இசைவும் பெற்றுவிட்டேன்.

ஆகவே இவ்வோலை கண்டவுடன் பொறையனையும் ஆதனையும் விடுவிக்க. மன்னித்தோம் என்று சொல்லி விடுவிக்க வேண்டாம். பிழை செய்யாதவருக்கு அச்சொல் இழுக்கு. எட்டுக் கற்களையும் பெயர்க்க. முதல் கடப்பாரையைத் தங்கள் காவலர் போடுக. இல்லையேல் குடிகள் தொட அஞ்சுவர். ஒவ்வொரு தெருவாரும் தம் பங்கைத் தாண்டி அடுத்தவர் பங்கினுள் இரண்டு முழம் சென்று மண் இடிக்க. பங்கு தெரிய வேண்டுமாயின் கரைக்கு வெளியே மூங்கில் நடுக. அடுத்த வெள்ளம் பத்து நாளில் வருமென ஆற்றுக் காவலர் கூறுவதால் இன்றிலிருந்து எட்டு நாளுக்குள் இவை முடிக.

மூன்றாம் கல்லை உடைக்க வேண்டாம். மண் சுமந்து வருவோர் கால் கழுவும் துறையில், என் பெயர் மேலே தெரியும்படி, அதைப் படியாகக் கிடத்துக.

ஓலை கொண்டுவருபவர் இரண்டு காதம் ஓடிவந்தவர். அவருக்கு மோர் தந்தபின் மறுமொழி தருக. அரசரின் நாரை முத்திரை இட்டேன். ஐப்பசி பன்னிரண்டாம் நாள். கரை நிற்க, குடி நிற்க.